உஷார்! யானைக்குப் பயந்துகொண்டே கசத்தில் இறங்காதீர்கள்

அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா? கட்டியது போகட்டும். மிச்சப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விளம்பரம் எங்கேயும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ‘ஒன் டே ஜங்கிள் அட்வென்ச்சர்’. விடியும் முன் ஜீப். சேற்றிலும் பாறையிலும் இரண்டு மணி நேரம் ஆஃப் ரோடு. வியூ பாயின்ட்டில் போட்டோ. மதியம் பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் ‘யாருக்குமே தெரியாத’ ஓர் அருவியில் குளியல். வால்பாறை, மேகமலை, மூணாறு, மசினகுடி என்று ஊர்ப் பெயர் மட்டும் மாறும். பாட்டுப் போட்டு 30 விநாடி ரீல்ஸாகக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது!

இந்த வரிசையில் ஆளைக் கொல்வது எது என்று கிளம்பும் கூட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். யானை என்பார்கள். சிறுத்தை என்பார்கள். அதற்கேற்ப டார்ச், விசில், கொசு மருந்து, கமாண்டோ பேன்ட் எல்லாம் வாங்கியிருப்பார்கள். ‘நம்மில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்’ என்று மட்டும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தியாவில் யானை தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர். நீரில் மூழ்கி இறப்பவர்கள் 30,000-க்கும் மேல் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பயந்துகொண்டிருக்கிறோம்.

2023 அக்டோபரில் வால்பாறை சோலையார் எஸ்டேட் பகுதி ஆற்றில் குளிக்க இறங்கிய கோவைக் கல்லூரி மாணவர்கள் 5 பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்த கூட்டம் அலறியடித்து ஓடியது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பழைய குற்றாலம் காலங்காலமாக மக்கள் குளிக்கும் இடம். படிக்கட்டு உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு. அங்கேயே இந்தக் கதி என்றால், ‘யாருக்குமே தெரியாத’ அருவியில் உங்களை யார் தேடுவது?

வால்பாறைப் பக்கம் ஓர் ஆற்றங்கரையில் ஜீப் டிரைவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“அண்ணே, இந்த இடத்துல ஆழம் எவ்வளவு இருக்கும்?”

“தெரியாதுங்க சார். நான் எறங்குனதே இல்ல.”

“எத்தனை வருஷமா இங்க வண்டி ஓட்டுறீங்க?”

“அது ஆச்சுங்க, எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து.”

அவர் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. டவலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என்னை ஒரு முறை பார்த்துவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். உள்ளூர்க்காரன் இறங்காத தண்ணீரில் இறங்க வெளியூர்க்காரன் காசு கொடுக்கிறான். இந்த வியாபாரத்தில் எனக்குப் புரியாதது இதுதான்.

மலை ஆறு எப்படி ஏமாற்றுகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கரையில் கணுக்கால் அளவு நீர். கண்ணாடி மாதிரி தெளிவு. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். அந்தத் தெளிவுதான் முதல் பொய். மேலிருந்து பார்க்கும்போது நீரின் ஆழம் உண்மையில் இருப்பதில் முக்கால் பங்குதான் கண்ணுக்குத் தெரியும். 8 அடிப் பள்ளம் 6 அடி போலத் தோன்றும். கழுத்தளவு என்று நினைத்து இறங்குகிற இடம் தலையை முழுங்கும். இரண்டாவது பொய் தரை. வயல் கிணற்றுப் படி மாதிரி படிப்படியாக இங்கே ஆழம் கூடாது. பாறை நீட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் செங்குத்தாக அறுந்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் உருளைக் கற்கள் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பாறையில் ஆட்டுக்கல் குழி போலத் துளை போட்டிருக்கும். ஒரு காலடி முழங்காலளவு, அடுத்த காலடி கசம். அந்தப் பாறை முழுக்க வழவழவென்று பாசி. வழுக்கி உள்ளே போனவன் பிடித்து ஏறுவதற்கு அங்கே ஒரு சொரசொரப்புகூட இருக்காது.

‘எனக்கு நீச்சல் தெரியும் சார்’ என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. நீச்சல்குளத்துத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்கும். அதன் அடி சமமாக இருக்கும். அருவி விழும் இடத்திலோ தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும். அது பாதி காற்று. காற்றுக் கலந்த நீர் உடம்பைத் தாங்கி மிதக்கவிடாது. எவ்வளவு நன்றாக நீந்துபவரும் அதில் மூழ்குவார். அதோடு, விழும் நீர் அடியில் போய்த் திரும்பி மேலே சுருண்டு அருவிக்கே வரும். அந்தச் சுழலில் சிக்கிய கட்டையை நீங்கள் பார்த்திருக்கலாம். மேலே வரும், உள்ளே போகும், மேலே வரும். அருவிக்கு நேர் கீழே நீந்தப் போகாதீர்கள். பாறையிலிருந்து தலைகுப்புறக் குதிக்காதீர்கள். போன வருஷம் குதித்த இடம்தானே என்று சொல்லாதீர்கள். ஒரு மழைக்காலம் போதும், அடியில் பாறையும் மரமும் இடம் மாறிக் கிடக்க.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் எழுந்து நிற்க முயலக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. ஓடும் நீரில் நிற்கப் பார்த்தால் கால் இரண்டு பாறைக்கு நடுவே செருகிக்கொள்ளும். பின்னாலிருந்து தண்ணீர் முதுகில் அழுத்தி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து படுங்கள். கால் இரண்டையும் ஆறு ஓடும் திசையில் முன்னால் நீட்டுங்கள். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளலாம். நீரை எதிர்த்து நீந்தாமல், சாய்வாகக் கரைப் பக்கம் ஒதுங்குங்கள்.

சரி, ஒருவர் மாட்டிக்கொண்டார். கரையில் நிற்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? குதிப்பீர்கள். அண்ணன் தம்பி என்றால் யோசிக்காமலே குதிப்பீர்கள். ஒருவர் போக வேண்டிய இடத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். மூழ்குபவர் கையில் கிடைத்ததை அமுக்கித்தான் மேலே வருவார். அது உங்கள் தலையாகவும் இருக்கலாம். ஆகவே பையில் 20 மீட்டர் நைலான் கயிறு இருக்கட்டும். ஒரு முனையில் மூடி இறுக்கிய காலி 5 லிட்டர் கேனைக் கட்டிவிடுங்கள். தூக்கி எறியலாம், மிதக்கும், பிடித்துத் தொங்கலாம். செலவு சொற்பம். கயிறு இல்லாவிட்டால் இரண்டு வேட்டியை முடிச்சுப் போடுங்கள், சேலையை வீசுங்கள், மூங்கிலை நீட்டுங்கள். கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள். நின்று இழுத்தால் நீங்களும் உள்ளே.

வெளியே எடுத்த பிறகு நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது. இரண்டும் கூடாது. வயிற்றை அமுக்கினால் தின்ற பிரியாணி மூச்சுக்குழாய்க்குப் போகும். மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சைக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்து, 2 மூச்சு என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். அவர் இருமி எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்து மூச்சைத் திணறடிக்கலாம்.

இன்னொரு சங்கதி, நேரம். பேக்கேஜ்காரர்கள் ஏன் எப்போதும் குளியலை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கிறார்கள்? காலையில் பயணிகளுக்குச் சூரிய உதயம் வேண்டும், டிரைவருக்கு அடுத்த டிரிப் வேண்டும். மலையின் கணக்கு வேறு. கோடையிலும் ஐப்பசியிலும் மலை மேல் மேகம் திரள்வது மதியத்துக்கு மேல். நீங்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டு இறங்கும் நேரம் மேலே கொட்ட ஆரம்பித்திருக்கும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மேலே 10 கிலோமீட்டரில் வானம் பொத்துக்கொண்டிருக்கும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், ஆற்றின் இரைச்சல் சட்டென்று மாறினால், அப்போதே கரை ஏறிவிடுங்கள். போனை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று திரும்பாதீர்கள். ஆற்றோரமாகவே ஓடாமல் மேட்டைப் பார்த்து ஏறுங்கள். வண்டி நிற்கும் கரைப் பக்கமே ஏறுவது நல்லது. ஆற்று நடுப்பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவது, தூங்குவது, குழந்தையை விளையாடவிடுவது கூடவே கூடாது.

மழையே இல்லாத நாளிலும் நீர் வரும். ஆனைமலைப் பகுதி பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்து அணைகளும் சுரங்கங்களும் மின் நிலையங்களும் நிறைந்த இடம். மதகு திறப்பது உங்கள் டூர் அட்டவணையைப் பார்த்து நடப்பதில்லை. நீங்கள் இறங்கும் இடத்துக்கு மேலே அணையோ மின் நிலையமோ உண்டா என்று செக்போஸ்ட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ‘குளிக்கத் தடை’ பலகை கண்ணில் பட்டால் அதற்குப் பின்னால் ஏற்கெனவே யாரோ செத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பலகை சும்மா வைக்கப்படுவதில்லை.

தண்ணீர்க் கதையை முடிப்பதற்குள் ஒரு மாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் என்று கிளம்பும் முன்பே ஆளுக்கொரு அவோமின் போட்டுக்கொள்வார்கள். அது தூக்கம் வரவழைக்கும் மருந்து. விடியற்காலை 3 மணிக்கு எழுந்த உடம்பு, ஜீப் குலுக்கிய குலுக்கல், மாத்திரை மயக்கம், மேலே பிரியாணி. இதோடு குளிர்ந்த நீரில் இறங்கினால் மூச்சு ஒரு கணம் தன்னையறியாமல் விக்கும். அந்த விக்கலில் தண்ணீர் உள்ளே போனால் முடிந்தது. இதில் பீரும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மாத்திரை போட்டவர் அன்று தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். குளித்தே ஆக வேண்டும் என்பவர்கள் நிகழ்ச்சி நிரலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள்: காலையில் குளியல், பிறகு சாப்பாடு, மதியம் 3 மணிக்கெல்லாம் இறக்கம். ‘அப்படியெல்லாம் மாத்த முடியாது சார்’ என்றால் ஆற்றை மட்டும் கழித்துவிட்டு மற்றதுக்குப் போய்வாருங்கள்.

லைஃப் ஜாக்கெட் கொடுப்பதாகச் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கட்டும். காது வரைக்கும் ஏறினால் அது தண்ணீரில் கழன்று போகும். குழந்தைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டிவிடுவது ஏமாற்று வேலை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்; நனைந்ததும் இரும்பாகக் கனக்கும்.

இனி ஜீப். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் போக வேண்டிய வழி கேரளத்துச் சூரியநெல்லி. கற்பாதையில் ஜீப் தவிர வேறெதுவும் ஏறாது. விடியற்காலை இருட்டில் வரிசையாகக் கமாண்டர் ஜீப்புகள் கிளம்பும்போது பார்த்தால் திருவிழாக் கூட்டம். பின்பக்கம் எதிரெதிர் பெஞ்ச் சீட், பிடித்துக்கொள்ள மேலே ஒரு கம்பி, பெல்ட் கிடையாது. ஓட்டுபவர்களில் பலர் கண்ணைக் கட்டிக்கொண்டும் ஏற்றக்கூடிய கெட்டிக்காரர்கள்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. வண்டிகள் அப்படியில்லை. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜீப் சவாரிக்கும் ஆஃப் ரோடுக்கும் தடை போட்டது. பிறகு நிபந்தனைகளோடு படிப்படியாகத் திறந்தது. நீங்கள் போகிற நாளில் என்ன நிலவரம் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏறும் முன் டயரைப் பாருங்கள். மொட்டையாக இருந்தால் ஏறாதீர்கள். நம்பர் பலகையைப் பாருங்கள். வெள்ளை போர்டு வண்டியில் காசு கொடுத்துப் போய் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முதல் காரணம் அதுதான். மஞ்சள் போர்டு என்றாலும் எஃப்.சி. இருக்கிறதா, எத்தனை பேருக்கு பெர்மிட் என்று கேளுங்கள். எட்டுப் பேர் வண்டியில் பன்னிரண்டு பேரை அடைப்பது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் சொந்த விபத்துக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டுக்கு விலக்கு என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம், எடுத்துப் படியுங்கள். ஆபரேட்டர் கையெழுத்து வாங்குகிற காகிதத்தில் ‘எது நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று இருந்தால் அதையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

வண்டி ஓடும்போது எழுந்து நிற்காதீர்கள், ரீல்ஸ் எடுக்கக் கம்பியில் தொங்காதீர்கள், காலை வெளியே நீட்டாதீர்கள். சாய்கிறது என்று தோன்றினால் வெளியே குதிப்பதுதான் மனித இயல்பு; குதித்தவர் மேல்தான் ஜீப் விழும். உள்பக்கமாகக் குறுகிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ரப்பர் கருகுகிற மாதிரி வாசம் வந்தால் பிரேக் சூடேறிவிட்டது என்று பொருள். தயங்காமல், “அண்ணே, ஓரமா நிப்பாட்டி ஆறவிடுங்க” என்று சொல்லுங்கள். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியவர்கள், அண்மையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இந்தச் சவாரிக்கு வர வேண்டாம். மெதுவாகப் போகச் சொல்லிவிடலாம் என்பார்கள். பாறை மெதுவாகக் குலுக்காது.

சொந்த ‘தார்’ ஜீப்பில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓடையைக் கடக்கும்போது நீர் ஓடும் வேகத்தைப் பாருங்கள். 2 அடி ஆழ ஓட்டம் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும், நான்கு சக்கரமும் சுழலும் வண்டியாக இருந்தாலும். போகும்போது கடந்த தரைப்பாலம் வரும்போது மூழ்கியிருந்தால் அந்தப் பக்கமே காத்திருங்கள். மலை ஓடை வேகமாக ஏறும், வேகமாக வடியும். ராத்திரி வண்டிக்குள் தூங்குவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

‘பர்மிஷனெல்லாம் தேவையில்ல சார், இது எங்க எஸ்டேட் வழி’ என்ற வசனத்தைக் கேட்டால் காது குத்த விடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். அந்த இ-பாஸ் ஊருக்குள் நுழையத்தான். காப்புக் காட்டுக்குள் கால் வைக்க வனத்துறை அனுமதி தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் காட்டுக்குள் போய் அபராதம் கட்டுகிறார்கள். மசினகுடியில் தனியார் ஜீப்பில் ‘நைட் சஃபாரி’ என்று யாராவது காதோடு சொன்னால் அது சட்டவிரோதம். முதுமலையில் சஃபாரி என்றால் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை ஓட்டுவதுதான்.

இதை நான் சட்டப் புத்தகத்துக்காகச் சொல்லவில்லை. அனுமதியில்லாத இடத்தில் ஒருவருக்கு ஏதாவது ஆகும்போது கூட்டி வந்தவர் முதலில் என்ன நினைப்பார்? 108-ஐக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பார். ‘கொஞ்சம் பாக்கலாம், சரியாயிடும்’ என்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் உயிர் போகும். அனுமதியோடு போனால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று செக்போஸ்ட்டுக்குத் தெரியும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் கூட்டம் காட்டுத்தீயில் மாட்டி 23 பேர் இறந்தார்கள். உரிய அனுமதி இல்லாத பாதை அது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது ஜீப்பில் ஏற்றிப் போய் ‘கொஞ்சதூரம் நடந்து எறங்கலாம்’ என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

காட்டு விலங்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றுக்குத்தான் நீங்கள் ஏற்கெனவே பயந்திருக்கிறீர்களே. யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், லைட்டைப் பளிச்சிடாமல், தூரத்திலேயே காத்திருங்கள். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்ற யானையைக் கடக்கப் பார்த்த ஜெர்மனிக்காரர் ஒருவர் பைக்கோடு தூக்கி எறியப்பட்டு இறந்தார். அருவிப் பாறையில் மலைத்தேன் கூடு தொங்கினால் சென்ட், புகை, டிரோன் மூன்றும் ஆகாது. அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் போதும், பிய்த்து இழுக்காதீர்கள்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமாவோடு போகட்டும். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சருகுக்குள் கிடக்கும் மூக்கு நிமிர்ந்த குழிவிரியனுக்கு அது கேட்காது. அந்தப் பாம்பின் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படலாம். ஆகவே கிளம்பும் முன்பே பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி எது, எத்தனை மணி நேரம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கப் போக வேண்டாம்; முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும்.

செல்போன் டவர் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். எங்கே போகிறீர்கள், வண்டி எண், டிரைவர் நம்பர், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை எழுதி வீட்டில் கொடுங்கள். ‘ராத்திரி 8 மணி வரை போன் வரவில்லையென்றால் 112-க்குக் கூப்பிடு’ என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். எல்லை மலையில் இருந்தால் தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்பதைப் போனில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் தவறான பக்கத்திலிருந்து கிளம்பினால் மலையைச் சுற்றி வர அரை நாள்.

வீடு வந்து சேர்ந்தாயிற்று, துணியும் காய்ந்தாயிற்று. விஷயம் இன்னும் முடியவில்லை; அங்கே பிடித்த நோய் இனிமேல்தான் தலைகாட்டலாம்.

ரிசார்ட்காரர்கள் ஓடையில் கல்லை அடுக்கித் தேக்கி ‘நேச்சுரல் பூல்’ என்பார்கள். குளோரின் கிடையாது, ஓட்டமும் கிடையாது. வெயிலில் சூடான தேங்கிய நீரில் மூளையைத் தின்னும் அமீபா வாழும். குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் வரும். வந்தால் உயிருக்கே ஆபத்து. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் பலருக்கு வந்து பலர் இறந்தார்கள். தேங்கிய நீரில் முங்க வேண்டாம், சேற்றைக் கிளற வேண்டாம், தலையை மேலே வைத்துக்கொள்ளுங்கள். குளித்து இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

காலில் சிராய்ப்போடு சேற்று நீரில் நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டும்: கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை. புல்லில் உட்கார்ந்து போட்டோ எடுத்தவருக்கு உண்ணிக்காய்ச்சல். அதைக் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று தேடிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டும் சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். காலதாமதமானால் ஐ.சி.யு.

ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டுமே! ஊரில் டெங்கு நடக்கும் காலத்தில் காய்ச்சலென்று போய் நின்றால் டெங்கு டெஸ்ட் எழுதி அனுப்பிவிடுவார். மூன்று வாரத்துக்கு முன் போன டூர் உங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதனால் டிரிப் முடிந்த அன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு மாதத்துக்குள் கூட வந்தவர்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் குரூப்பில் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் முன் உட்கார்ந்ததும், அவர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டியவை இவை: எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனீர்கள், ஓடும் ஆற்றில் குளித்தீர்களா தேங்கிய நீரிலா, மூக்கில் தண்ணீர் ஏறியதா, காலில் காயம் இருந்ததா, புல்லில் உட்கார்ந்தீர்களா.